மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளாதீர்கள்

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றை நடத்தும் சங்கத்தின் செயலாளர் நான். மையத்தைப் பயன்படுத்துவோருக்கும் நிர்வாகத்தில் இடம் வேண்டும் என்று சென்ற ஆண்டு விதிகளைத் திருத்தி, 11 பேர் கொண்ட செயற்குழுவில் அவர்களுள் 3 பேரைச் சேர்த்தோம். ஒருவர் டவுன் சிண்ட்ரோம் உள்ள இளம்பெண், ஒருவர் விபத்தில் தலையில் அடிபட்டவர், இன்னொருவர் மறதிநோயின் ஆரம்பநிலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூவரும் தவறாமல் வருகிறார்கள், பேசுவதில்லை. இளம்பெண்ணிடம் எதைக் கேட்டாலும் உடன்வரும் தாயார் பதில் சொல்லிவிடுகிறார். வாகன நேரத்தை மாற்றும் தீர்மானத்துக்கு மூவருமே கை உயர்த்தினார்கள். புதிய நேரம் நடைமுறைக்கு வந்த அன்று, தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று அந்தப் பெண் அழுதுவிட்டார். ‘மௌனம் சம்மதம்தானே’ என்கிறார் எங்கள் தலைவர். எல்லாவற்றையும் எளிமைப்படுத்தினால் விவாதத்தின் தரம் போய்விடும், நேரமும் விரயமாகும் என்கிறார் பொருளாளர். இவர்கள் உண்மையாகவே பங்கேற்கும் வகையில் கூட்டத்தை எப்படி நடத்துவது? கூட்டக் குறிப்பில் இவர்களுடைய குறைபாட்டைப் பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், வாகன நேரத் தீர்மானத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதற்குள் இருக்கிறது. அன்று ‘வாகன வழித்தடங்களை மறுசீரமைத்தல்’ என்பது போன்ற ஒரு வாசகம் வாசிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இளம்பெண் அதற்கு மறுப்புச் சொல்ல வேண்டுமானால், அந்த வாசகத்தைக் காதில் வாங்கி, முடியும்வரை நினைவில் நிறுத்தி, அது தன் வீட்டு வாசலுக்கு வரும் வண்டியைப் பற்றியது என்று புரிந்துகொண்டு, காலையில் தான் எழும் நேரம் மாறப்போகிறது என்பதை மனத்தில் ஓட்டிப் பார்த்து, அது தனக்குச் சரிப்படாது என்று முடிவுசெய்து, அதற்கான சொற்களைத் தேடியெடுத்து, தலைவர் அடுத்த பொருளுக்குப் போவதற்குள் 10 பேர் முன்னிலையில் சொல்லியாக வேண்டும். இவற்றில் எந்த ஒரு படி தவறினாலும் அவருக்கு மிஞ்சுவது மௌனம்தான். பக்கத்தில் இருப்பவர்கள் கை உயர்த்தும்போது தானும் உயர்த்துவது அவருக்கு இருந்த ஒரே சுலபமான வழி. ஆக, ‘என்னிடம் யாரும் சொல்லவில்லை’ என்று அவர் அழுதது பொய்யும் அல்ல, மறதியும் அல்ல. அவர் இருந்த அறையில் அது சொல்லப்பட்டது, அவரிடம் சொல்லப்படவில்லை.

எனவே, உங்கள் தலைவர் சொன்ன பழமொழி செயற்குழுவுக்குப் பொருந்தாது என்பதைத் தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள். மௌனம் மட்டுமல்ல, ‘ஆம்’ என்ற சொல்கூட இங்கே போதுமான சம்மதம் அல்ல. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஒரே விஷயத்தை நேரெதிரான இரு கேள்விகளாகக் கேட்டபோது, பலர் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றே விடை சொன்னதை அமெரிக்காவில் சிகல்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1981-இல் பதிவு செய்தார்கள். இதைக் குறைபாட்டின் இயல்பாக மட்டும் பார்க்கக் கூடாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். கேள்வி கேட்பவர் ஆசிரியராகவோ, மருத்துவராகவோ, சேவையைத் தருபவராகவோ இருக்கும்போது, பதில் சொல்பவர் அவருக்குப் பிடித்த விடையைத் தேடுகிறார். வாழ்நாள் முழுவதும் தலையாட்டினால் பாராட்டும், மறுத்தால் கண்டிப்பும் பெற்று வளர்ந்த ஒருவர், தன் அன்றாடத்தையே நடத்திக்கொடுக்கும் செயற்குழுவின் முன் எளிதாக மறுத்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இதற்கு மாற்று, கேள்வியை வேறு விதமாக அமைப்பது. ‘வண்டி எட்டு மணிக்கு வரலாமா?’ என்று கேட்டு ஒரு ‘ஆம்’ வாங்குவதற்குப் பதிலாக, ‘வண்டி எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு நல்லது?’ என்று கேளுங்கள். அது கடினமாக இருந்தால் இரண்டு படங்களை வையுங்கள்: ஒன்றில் 8 மணி காட்டும் கடிகாரமும் வண்டியும், மற்றொன்றில் 9 மணி காட்டும் கடிகாரமும் வண்டியும். சிலர் கடைசியாகக் கேட்டதையே தேர்ந்தெடுப்பார்கள் என்பதால், சிறிது நேரம் கழித்து வரிசையை மாற்றி மீண்டும் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே படத்தைத் தொட்டால் அதை அவருடைய கருத்தாக எழுதலாம். விடை மாறினால், அவர் குழப்பவாதி என்று பொருளல்ல. விஷயம் இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை மட்டும் உங்கள் கூட்டத்திலிருந்து அடியோடு நீக்கிவிடுங்கள். அதற்கு ‘இல்லை’ என்று சபையில் சொல்பவர் எந்தக் குறைபாடும் இல்லாதவர்களிலேயே அரிது.

அடுத்து, இந்த மூவரையும் ஒரே கூடையில் போடாமல் இருப்பது முக்கியம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்குப் பேசும் திறனைவிடப் புரிந்துகொள்ளும் திறன் கூடுதலாக இருக்கும். காதால் கேட்டதைச் சில நொடிகள் தக்கவைப்பது சிரமம். கண்ணால் பார்ப்பது அதைவிட நன்றாக நிற்கும். செவித்திறன் குறைவும் அவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. ஆகவே, அந்தப் பெண் பேசாமல் இருப்பதற்கு மின்விசிறிச் சத்தமும், ஒரே நேரத்தில் இருவர் பேசுவதும்கூடக் காரணமாக இருக்கலாம். தலையில் அடிபட்டவரின் நிலை வேறு. அவருடைய அறிவும் அனுபவமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தகவலை உள்வாங்கும் வேகம் குறைந்திருக்கும், விரைவில் களைப்பு வந்துவிடும், பேச்சு ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் இழை அறுந்துவிடும். அவருக்குக் குழந்தைத்தனமான படங்களைக் கொடுத்தால் அவமதித்ததாகும். அவருக்கு வேண்டியது நேரம். ஆசிரியருக்கோ பழைய நினைவுகளும், சபையில் பேசும் பழக்கமும், நியாயம் இது என்று எடைபோடும் திறனும் இன்னும் இருக்கலாம். போன மாதம் என்ன முடிவானது என்பதே அவருக்குப் பிடிபடாது. ‘நினைவிருக்கிறதா, சார்?’ என்று கேட்பதை நிறுத்தி, ‘போன கூட்டத்தில் இப்படி முடிவு செய்தோம்’ என்று அவருக்கு எதிரே உள்ள சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். மறதிநோய் உள்ள பலருக்குப் பிற்பகல் கடந்தால் குழப்பம் கூடும் என்பதால், கூட்டத்தை முற்பகலுக்கு மாற்ற முடியுமா என்றும் பாருங்கள்.

இவையெல்லாம் பொதுவான போக்குகள். ஒவ்வொருவருக்கும் எது உதவுகிறது என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘உங்களுக்கு என்ன கோளாறு?’ என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. ‘எப்போது கூட்டம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது? அப்போது நாங்கள் என்ன செய்தால் நல்லது?’ என்ற இரண்டு கேள்விகளைத் தனியாக, அவசரமில்லாத ஒரு நாளில், செயற்குழுவின் 11 பேரிடமும் கேளுங்கள். மற்ற எட்டு பேரிலும் எழுத்து சரியாகத் தெரியாதவர், காது மந்தமானவர், கணக்கு என்றாலே மிரள்பவர் இருப்பார்கள். அவர்கள் இத்தனை காலம் வெளியே சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: இந்த மூவரின் பங்கேற்பு கூட்ட அறையில் அல்ல, கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் தீர்மானமாகிறது. அன்றைக்கு வந்து உட்கார்ந்த பிறகு நீங்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும், முதன்முறையாகக் காதில் விழும் ஒரு விஷயத்தைப் பற்றி அதே நிமிடத்தில் கருத்துச் சொல்ல அவர்களால் இயலாது. ஆகவே நிகழ்ச்சி நிரல் குறைந்தது 7 நாள் முன்பே கையில் இருக்க வேண்டும். அது வெறும் தலைப்புப் பட்டியலாகவும் இருக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் நிரலில் ‘பொருள் 4: சென்ற காலாண்டின் வரவு செலவு அறிக்கையைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்தல்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதையே இப்படி எழுதலாம்:

‘நான்காவது விஷயம்: பணம்.
கடந்த மூன்று மாதத்தில் நமக்கு எவ்வளவு பணம் வந்தது என்று பொருளாளர் சொல்வார்.
எதற்குச் செலவு செய்தோம் என்றும் சொல்வார்.
நீங்கள் கேள்வி கேட்கலாம்.
கணக்கு சரி என்று நினைத்தால் “சரி” என்று சொல்லலாம்.
சரி இல்லை என்று நினைத்தால் “சரி இல்லை” என்று சொல்லலாம்.’

இதில் கவனிக்க வேண்டியது சொற்கள் எளிதாக இருப்பது மட்டுமல்ல. யார் பேசுவார், நான் என்ன செய்யலாம், என்னிடம் எதிர்பார்க்கப்படும் முடிவு என்ன என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. பழைய வாசகத்தில் ஒன்றுகூட இல்லை. மறுக்கலாம் என்ற வழியும் எழுத்திலேயே இருக்கிறது. பல சங்கங்களின் நிரல்களை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரு பொருளை இந்த வடிவில் எழுத முடியாமல் திணறும்போது, அநேகமாக அந்தப் பொருளைக் கொண்டுவந்தவருக்கே என்ன முடிவு வேண்டும் என்பது தெளிவாக இல்லை என்று வெளிப்படும். இது பொருளாளரிடம் சொல்வதற்கு உகந்த செய்தி.

தமிழில் இப்படி எழுதும்போது நமக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. நம் வாக்கியத்தில் ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘கூடாது’ என்பவை கடைசியில்தான் வரும். வாக்கியம் நீண்டால், முடிவைக் கேட்பதற்குள் தொடக்கம் நினைவிலிருந்து போய்விடும். ‘கட்டண உயர்வை எதிர்க்காதவர்கள் கை உயர்த்துங்கள்’ போன்ற இரட்டை மறுப்புகள் யாரையும் குழப்பும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியும் பெரிது. இந்தப் பதிலை நான் எழுதும் நடை அவர்களுக்கான நடை அல்ல. ஆகவே நிரலை எளிய எழுத்துத் தமிழில் கொடுத்துவிட்டு, அதையே நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் இரண்டு மூன்று நிமிடம் பேசிக் குரல்பதிவாக அனுப்புங்கள். படிப்பதைவிட அதைத் திரும்பத் திரும்பக் கேட்பது பலருக்கு எளிது.

தாளின் வடிவத்துக்கும் நடைமுறையில் நிலைபெற்ற சில விதிகள் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் சேர்ந்த ‘இன்க்லூஷன் யூரோப்’ அமைப்பு வகுத்திருக்கும் எளிய வாசிப்பு நெறிகள் இவற்றுள் பரவலாகப் பின்பற்றப்படுபவை. எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் (பாயின்ட்) குறையக் கூடாது, சாய்வெழுத்து வேண்டாம், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, ஒரு சொல்லை இரண்டு வரிகளுக்கிடையே உடைக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. கடைசியாகச் சொன்னது, புணர்ச்சியால் சொற்கள் நீண்டுவிடும் தமிழுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். தேவையானால் சொற்களைப் பிரித்தே எழுதுங்கள். இந்த நெறிகளில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று: எளிய வடிவம் என்று தயாரித்த எதையும், அத்தகைய குறைபாடு உள்ளவர் ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்தாமல் வெளியிடக் கூடாது. உங்கள் மையத்திலேயே அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வேலை என்பதால் அதற்கு ஊதியமும் கொடுங்கள்.

எளிய நிரலை மூவருக்கு மட்டும் தனியாகக் கொடுப்பதா, எல்லோருக்கும் அதையே கொடுப்பதா என்று சிலர் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே தாள்தான் என்பது என் உறுதியான கருத்து. தணிக்கைக்கும் பதிவுக்கும் தேவையான முழு ஆவணங்கள் பின்னிணைப்பாக இருக்கட்டும். மூன்று பேர் கையில் மட்டும் படம் போட்ட தாள் இருந்தால், விவாதம் மற்றவர்களுடைய தாளின் பக்க எண்களை வைத்தே நடக்கும்.

நிரல் போய்ச் சேர்ந்த பின், கூட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு இந்த மூவருடனும் முன்கூட்டம் ஒன்று நடத்த வேண்டும். சேர்ந்தும் நடத்தலாம், தனித்தனியாகவும் நடத்தலாம். அதைத் தலைவரோ பொருளாளரோ நடத்தாமல், எந்தத் தீர்மானத்திலும் சொந்த அக்கறை இல்லாத ஒருவர் நடத்துவது நல்லது. அங்கே ஒவ்வொரு பொருளையும் ‘இது நடந்தால் உன் நாள் எப்படி மாறும்?’ என்ற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாகன நேரத்தைப் பேச வேண்டுமானால், புதிய நேரத்தைச் சொல்வதைவிட, ஒரு நாள் அந்த நேரத்துக்கே வண்டியை அனுப்பி அவர் அனுபவித்துப் பார்க்கச் செய்வது நூறு விளக்கங்களுக்குச் சமம். சொல்ல விரும்பியதை அவர் மறந்துவிடாமலிருக்க, அவர் வாயால் சொன்னதையே ஓர் அட்டையில் எழுதி அல்லது படமாக வரைந்து கையில் கொடுங்கள். கூட்டத்தில் அவர் அந்த அட்டையைக் காட்டினாலே போதும். பேச்சு மிகவும் குறைவானவர்களுக்கு, ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான ‘டாக்கிங் மேட்ஸ்’ என்ற முறை உதவும். ‘பிடிக்கும்’, ‘தெரியவில்லை’, ‘பிடிக்காது’ என்று மூன்று பகுதிகளாகப் பிரித்த விரிப்பில், பேசப்படும் பொருளின் பட அட்டைகளை அவரே எடுத்து வைப்பார். முடிந்ததும் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், அதுவே அவருடைய கருத்துக்கான பதிவு.

இவ்வளவு முன்னேற்பாட்டையும் ஒரே நொடியில் வீணாக்கிவிடும் வழக்கம் ஒன்று எல்லாச் செயற்குழுக்களிலும் இருக்கிறது: கூட்டத்தின் நடுவில் திருத்தம் கொண்டுவருவது. 8 மணியா 9 மணியா என்று தயாராகி வந்தவர் முன்பு, ‘இரண்டும் வேண்டாம், வழித்தடத்தை இரண்டாகப் பிரித்துவிடலாமே’ என்று ஒருவர் சொல்ல, ‘நல்ல யோசனை’ என்று இன்னொருவர் வழிமொழிய, ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறிவிடும். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனால் அந்த மூவரும் அந்தக் கணத்தில் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். எனவே, பொருளின் சாரத்தை மாற்றும் திருத்தம் எதுவும் அதே கூட்டத்தில் வாக்கெடுப்புக்குப் போகாது, அடுத்த கூட்டத்தின் நிரலில்தான் வரும் என்று ஒரு நடைமுறை விதியை வகுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போட முடியாத அவசரப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும். அவை எவை என்பதையும் முன்பே பட்டியலிட்டுவிடுங்கள்; இல்லையேல் எல்லாமே அவசரமாகிவிடும்.

இனி கூட்ட அறைக்கு வருவோம். பலரும் அறியாமல் விடுவது மௌனத்தின் நீளத்தைத்தான். கேள்வி கேட்டுவிட்டு இரண்டு மூன்று நொடிகள் பதில் வராவிட்டாலே நமக்குச் சங்கடமாகி, கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்கிறோம். மெதுவாக உள்வாங்கும் ஒருவருக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை விட்டுவிட்டு மறுபடியும் தொடக்கத்திலிருந்து யோசிக்க வேண்டும். தலைவர் மனத்துக்குள் பத்து வரை எண்ணட்டும். மீண்டும் கேட்பதானால் அதே சொற்களில் கேட்கட்டும். கேள்விக்கு முன்பு பெயரைச் சொல்லி அழைப்பதும் அவசியம். பேச்சு தன்னை நோக்கி வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கவனம் கூடும்.

வண்ண அட்டைகள் பல நாடுகளில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் சுயகுரல் அமைப்புகள் பயன்படுத்திவரும் எளிய கருவி. பச்சை என்றால் சம்மதம் அல்லது தொடரலாம், மஞ்சள் என்றால் மெதுவாகச் சொல்லுங்கள், சிவப்பு என்றால் நிறுத்துங்கள், புரியவில்லை. அமைப்புக்கு அமைப்பு பொருள் மாறும்; உங்கள் குழுவில் ஒரு பொருளை முடிவு செய்து தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். அட்டையை மூவருக்கு மட்டும் கொடுத்தால் ஒருவரும் உயர்த்த மாட்டார்கள். 11 பேருக்கும் கொடுத்து, முதல் கூட்டத்தில் தலைவரோ துணைத்தலைவரோ பொருளாளரின் அறிக்கைக்கு நடுவில் சிவப்பு அட்டையை உயர்த்திக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். அட்டை உயர்ந்தால் பேச்சு அந்த வாக்கியத்திலேயே நிற்க வேண்டும். ‘இதை மட்டும் முடித்துவிடுகிறேன்’ என்ற சலுகை யாருக்கும் கிடையாது.

இடைவேளை 40 நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கட்டும். கடினமான பொருள்கள் முதல் பகுதியிலேயே வரட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. களைத்தவர் எழுந்து வெளியே போய் வருவதற்குக் காரணம் கேட்காதீர்கள். காணொளியில் கூடும்போது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் ஓரத்தில் ஓடும் குறுஞ்செய்திகளை அணைத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பின்தொடர்வது இவர்களுக்குப் பெரும் சுமை.

வாக்கெடுப்பில் கை உயர்த்துவதைக் கைவிட வேண்டும் என்பேன். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து உயர்த்துவதற்கு அதைவிட வசதியான முறை வேறில்லை. ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘தெரியவில்லை’ என்று எழுத்தும் குறியும் உள்ள சீட்டுகளை எல்லோரும் மடித்துப் பெட்டியில் போடட்டும். ‘தெரியவில்லை’ என்ற சீட்டுகள் ஒன்றுக்கு மேல் விழுந்தால், முடிவை அறிவிக்காமல் விளக்கத்துக்குத் திரும்புங்கள்.

தாயாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகளுக்காக மருத்துவமனையிலும் பள்ளியிலும் அலுவலகங்களிலும் இத்தனை ஆண்டுகள் பேசியவர் அவர். அவர் பேசாதிருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஆனால் செயற்குழுவில் உறுப்பினர் மகள்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. அதன் 12ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டென்றும், அதைச் செயல்படுத்த வேண்டிய ஆதரவு கிடைக்க வேண்டுமென்றும் சொல்கிறது. அவர்களுக்குப் பதிலாக முடிவெடுப்பதை விட்டு, அவர்கள் முடிவெடுக்க ஆதரவளிக்கும் முறைக்கு மாற வேண்டும் என்பதை அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2014-இல் வெளியிட்ட பொதுக் கருத்துரையில் விரிவாக விளக்கியிருக்கிறது. ‘இவளுக்கு எது நல்லது’ என்பது தாயாரின் கேள்வி. ‘இவளுடைய விருப்பம் என்ன’ என்பது ஆதரவாளரின் கேள்வி. இரண்டையும் ஒருவரே கேட்பது மிகக் கடினம்.

எனவே, தாயாரல்லாத ஒருவரை ஆதரவாளராகத் தேர்ந்தெடுக்கும்படி அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். மையத்தின் ஊழியரைத் தவிர்ப்பது நல்லது; ஊழியரைப் பற்றியே முடிவெடுக்க வேண்டிய நாளும் வரும். ஆதரவாளர் அவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் அமர்வார். சபையை நோக்கிப் பேசாமல் அவரிடமே தாழ்ந்த குரலில் பேசுவார். தாளில் எந்த இடம் என்று விரலால் காட்டுவார். ‘இவருக்கு இன்னும் சிறிது நேரம் வேண்டும்’ என்று தலைவரிடம் கேட்கலாம். கருத்தும் வாக்கும் அவருக்கு இல்லை. தாயாரிடம் இதைச் சொல்லும்போது, விலக்குவதுபோல் அல்லாமல், ‘அம்மா, உங்கள் கருத்து எங்களுக்கு வேண்டும், அதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுக்கொள்கிறோம், இங்கே அவர் கருத்தைக் கேட்க விடுங்கள்’ என்று சொல்லலாம். அவர் இல்லாத முதல் கூட்டத்தில் மகள் ஒன்றும் பேசாமல் போகலாம். அதைக் காரணமாக்கி மறுபடியும் அழைத்துவிடாதீர்கள்.

பொருளாளரின் வாதத்தில் ஒரு பாதி உண்மை. நேரம் ஆகும். இதுவரை ஒரு கூட்டத்தில் 12 பொருள்கள் பேசினீர்கள் என்றால், இனி ஐந்து பேசுவதே பெரிது. விடுபடும் ஏழில் பெரும்பாலானவை, செயற்குழு விவாதிக்கத் தேவையே இல்லாத வழக்கமான ஒப்புதல்களாக இருக்கும். அவற்றுக்கு வரம்பு விதித்து அலுவலகத்திடம் ஒப்படையுங்கள். தரம் போய்விடும் என்ற மற்றொரு பாதியை நான் ஏற்கவில்லை. கணக்கைச் சுருக்கச் சொல்லவில்லை, தெரியும்படி செய்யச் சொல்கிறோம். மொத்தச் செலவை 10 கட்டங்களாக வரைந்து, சம்பளத்துக்கு ஐந்து, வாகனத்துக்கு இரண்டு, வாடகைக்கு இரண்டு, மற்றவைக்கு ஒன்று என்று நிறமிட்டுக் காட்டினால், ‘வண்டிக்கு ஏன் இரண்டு கட்டம்?’ என்ற கேள்வி அந்த மூவரிடமிருந்து மட்டுமல்ல, இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டிருந்த மற்றவர்களிடமிருந்தும் வரும். பொருளாளருக்கு அது பிடிக்குமா என்பது வேறு விஷயம். எளிமையாக்கும்போது பாதகமான செய்தியை விட்டுவிடாமல் இருக்கிறீர்களா என்பதில்தான் அவர் தன் கண்டிப்பைக் காட்ட வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் நிர்வாகம் செய்ய முடியுமா என்ற ஐயம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். 1974-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இத்தகையவர்கள் தாங்களே திட்டமிட்டு மாநாடு நடத்தினார்கள். ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்ற சுயகுரல் இயக்கம் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. மேலே சொன்ன ஐ.நா. குழுவுக்கு, அறிவுசார் குறைபாடு உள்ள முதல் உறுப்பினராக நியூசிலாந்தின் ராபர்ட் மார்ட்டின் 2016-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழந்தைப் பருவத்தைக் காப்பகங்களில் கழித்தவர் அவர். பிற்பாடு, நாடுகள் தரும் அறிக்கைகளைப் பரிசீலிக்கும் இடத்தில் அமர்ந்தார்.

வாகன நேரத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே மறுபரிசீலனைக்கு எடுங்கள். வேறொரு புதிய பொருளில் இந்த முறையைச் சோதிப்பதைவிட இதுவே சரி. தன் பேச்சால் ஒரு முடிவு திறக்கிறது என்பதை அந்தப் பெண் கண்ணால் காண்பார். எல்லா ஏற்பாடும் செய்த பிறகு வாக்கெடுப்பில் அவர் தோற்கவும் கூடும். அதில் தவறில்லை. அவருக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுத்து வாக்களிப்பது இன்னொரு வகை அவமதிப்பு. முடிவு என்ன, ஏன் அப்படி, எப்போதிலிருந்து என்பதை மறுநாளே எளிய தாளில் அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

ஆசிரியர் விஷயத்தில் மட்டும் காலம் குறுகியது. நோய் வளரும், ஒரு கட்டத்தில் செயற்குழு வேலை அவருக்கு மகிழ்ச்சி தராமல் துன்பமாகலாம். அந்தக் கட்டம் வந்துவிட்டதா என்பதை நீங்கள் ஊகித்து முடிவு செய்வதைவிட, இப்போதே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அறிகுறி தெரிந்தால் அவரிடம் இதைப் பேச வேண்டும், யார் பேச வேண்டும், பதவியிலிருந்து விலகினாலும் எந்த வகையில் அவர் தொடர விரும்புகிறார் என்று. இந்தப் பேச்சுக்கு நாம்தான் தயங்குவோம். மறதிநோயின் தொடக்கத்தில் உள்ளவர்கள் பலர், யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்கள்.

கடைசியாக, கூட்டக் குறிப்பு. குறைபாட்டை அதில் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. அது ஒருவருடைய உடல்நிலை பற்றிய அந்தரங்கத் தகவல். சங்கத்தின் குறிப்போ பலர் கைக்குப் போகும் ஆவணம். உறுப்பினருக்கு என்ன வசதி தேவை என்பதைச் செயலாளரின் தனிக் கோப்பில், அவருடைய ஒப்புதலுடன் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் எழுத வேண்டியது, நிரல் எந்த நாளில் எந்த வடிவில் தரப்பட்டது, முன்கூட்டம் நடந்ததா, ஒவ்வொரு பொருளிலும் யார் என்ன சொன்னார்கள் என்பவற்றைத்தான். அவர் அட்டையைக் காட்டியோ படத்தைத் தொட்டோ கருத்துச் சொல்லியிருந்தால், மற்றவர்கள் பேசியதை எழுதும் அதே நடையில் ‘வண்டி 9 மணிக்கு வர வேண்டும் என்று உறுப்பினர் கூறினார்’ என்று எழுதுங்கள். வரைவை இறுதியாக்கும் முன் அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சொன்னது அதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.